நாலாவது புள்ளி

பத்தலப்பல்லிச் சோதனைச் சாவடிக்குப் பக்கத்தில்
எடைமேடையில் எனக்கு ராத்திரி வேலை.
வி.கோட்டாவிலிருந்து பேரணாம்பட்டுக்கு
மலையிறங்கப் போகும் தக்காளி லாரிகளைப்
பத்துப் பத்து கிலோவாக நம்புகிறவன் நான்.
அதற்குக் கீழே எதுவும் என் திரையில் தெரியாது.

முதலில் சுடப்பட்டவன் கோலார்க்காரன்.
ஏழாவது வளைவு, முன்கண்ணாடியில் பட்டாணியளவு ஓட்டை.
கல் தெறித்தது என்றுதான் எழுதினார்கள்.
அடுத்தது பால் வேன்.
மூன்றாவது ஆளுக்குப் பிறகு
கங்கம்மா கடையில் டீ குடிக்க வந்த எல்லோரும்
துப்பறிய ஆரம்பித்தார்கள்.

ஹவில்தார் ஆபிரகாம் பதினேழு வருடம் பனியில் நின்றவர்.
சர்க்கரை டப்பாவை மலையாக்கி
பிஸ்கெட்டை லாரியாக்கி நகர்த்திக் காட்டினார்.
"வளைவுல வண்டி மூச்சு வாங்கும். அவனுக்கு அது போதும்.
எதிர்ப்பாறையில நாலு பேர், மூணு ராத்திரி.
பீடி கூடாது, இருமல் கூடாது. ஆள் சிக்கிடுவான்."
முடிப்பதற்குள் அவரே இரண்டு முறை இருமினார்.

டயர் கடை அத்தாவுல்லாவுக்கு வேறு கணக்கு:
மூன்றும் மண்டி பட்டுவாடா ஆன ராத்திரி,
அப்படியானால் காசு வராத ஒருவன்.
பன்றி வேட்டைக்காரன் இல்லை என்று சத்தியம் செய்தான் ரெட்டெப்பா.
நாட்டுத் துப்பாக்கியில் மருந்து இடித்து முடிப்பதற்குள்
பன்றி குட்டி போட்டுவிடுமாம்.
அவனுக்கு ஒரே சந்தேகம்தான்:
எல்லைக் கல் மேலேயே உட்கார்ந்திருக்கிறான்,
ஒரு கால் அவங்க ஸ்டேஷனில், ஒரு கால் நம்ம ஸ்டேஷனில்,
எந்தக் காலை யார் பிடிப்பது?

சிரித்தோம். கங்கம்மா டீயை ஆற்றிக்கொண்டே சொன்னாள்:
"அவனும் எங்கியாவது டீ குடிக்கணும் இல்ல.
இங்கதான் குடிக்கிறான்."

அன்றைக்கு எல்லோரும்
சரியான சில்லறை கொடுத்துவிட்டு
கைகள் வெளியே தெரியும்படி நடந்து போனார்கள்.

என் வழி அமைதியானது.
சர்வே வரைபடத்தின் ஜெராக்ஸ், பென்சில், ஒரு முழம் நூல்.
எடைச் சீட்டில் மணி இருக்கிறது,
செத்த நேரம் பேப்பரில் இருக்கிறது, கழித்தால் தூரம்.
மூன்று புள்ளிக்கு எப்படியும் ஒரு வட்டம் வந்துவிடும்,
ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் வரும்.
அது வட்டம்தானா என்று நாலாவதுதான் சொல்லும்.
"நாலாவது கிடைச்சா சொல்லிடலாம் சார்" என்றேன் ஆபிரகாமிடம்.
கிடைச்சா.
அந்த வார்த்தையைத்தான் சொன்னேன்.
அவரும் தலையாட்டினார்.

முனிரத்தினம் செவ்வாய்க்கிழமைக்காரன்.
மேடையில் ஏற்றினால் வண்டியை விட்டு இறங்கவே மாட்டான்.
"என்னையும் சேத்தே போடுண்ணா, விலை இருக்கறப்ப வித்துடலாம்."
ஒன்று நாற்பதுக்குச் சீட்டை வாங்கிக்கொண்டு
கன்றிப்போன பழம் இரண்டை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான்.

இரண்டரைக்குச் செய்தி வந்தது.
பதினோராவது வளைவு.
யார் என்று கேட்பதற்கு முன்னால் எந்த இடம் என்று கேட்டேன்.
டியூப்லைட்டுக்குக் கீழே நூலை இழுத்துப் பிடித்தேன்.
இரண்டு விரற்கடை வெளியே விழுந்தது புள்ளி.
தப்பு எங்கே என்று பென்சிலைத் திருப்பி அழிக்கும்போது
உள்ளே யாரோ சொல்வது கேட்டது:
ஐந்தாவதில் தெரிந்துவிடும்.

விடிந்ததும் வண்டியைக் கட்டி இழுத்து வந்தார்கள்.
வழக்குக்கு எடை வேண்டுமாம்.
ராத்திரி பதினாலாயிரத்து இருநூற்று அறுபது.
இப்போது நூற்றுத் தொண்ணூறு.
எழுபது கிலோவில்
கூடையிலிருந்து வழிந்த சாறு எவ்வளவு,
எரிந்த டீசல் எவ்வளவு,
அவன் எவ்வளவு என்று
பத்து பத்தாக எண்ணும் மேடைக்குத் தெரியாது.

சீட்டில் ஒரு கட்டம் உண்டு:
ஓட்டுநர் உள்ளே, ஓட்டுநர் வெளியே.
வெளியே என்பதில் குறி போட்டேன்.
கார்பன் பிரதியில் விழவில்லை என்று
இன்னொரு தரம் அழுத்திப் போடச் சொன்னார் இன்ஸ்பெக்டர்.